முதல் வரியோடு நின்றுவிடும் கவிதை வாசிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் பள்ளி மாணவர்களுக்கான பேச்சுப்போட்டி ஒன்றுக்கு நடுவராகச் சென்றிருந்தேன். பேசியவர்களில் பெரும்பாலோர் கணியன் பூங்குன்றனாரின் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற வரியையும், பாரதியாரின் ‘வீழ்வேனென்று நினைத்தாயோ’ என்ற வரியையும் எங்கேனும் ஓரிடத்தில் எடுத்தாண்டார்கள். இரண்டையும் ஒரே குரலில், கையை உயர்த்தி, அரங்கம் அதிரச் சொன்னார்கள், கைதட்டலும் கிடைத்தது. பிள்ளைகள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நாம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவன் என்ற முறையில் அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு பாடலின் பாடுபொருளை அதன் தொனியிலிருந்து பிரித்தெடுத்து ஒரே வரியில் எழுதிவிடலாம் என்ற எண்ணம் நம் வகுப்பறைகளில் வேரூன்றிவிட்டது. ‘இப்பாடலின் மையக்கருத்து யாது?’ என்று வினா வருகிறது, ‘உலக ஒற்றுமை’ என்று நோட்ஸில் விடை இருக்கிறது, மதிப்பெண்ணும் விழுகிறது. அந்தப் பாடல் என்ன குரலில் பேசுகிறது, யார் யாரிடம் எந்த நிலையில் பேசுகிறார் என்று எவரும் கேட்பதில்லை.

புறநானூற்றின் 192ஆம் பாடலையே எடுத்துக்கொள்வோம். ‘யாதும் ஊரே’ என்ற அதன் முதல் வரியை அறியாத தமிழர் இருக்க மாட்டார்கள். 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அப்துல் கலாம் ஆற்றிய உரையிலும் அது ஒலித்தது. ஆனால் பாட்டு பதின்மூன்று வரி. முதல் வரியைத் தாண்டியவுடன் ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்று குரல் தாழ்கிறது. அடுத்துச் சாவு வருகிறது: ‘சாதலும் புதுவது அன்றே’. வாழ்வது இனிது என்று மகிழ்ந்ததும் இல்லை, வெறுத்து அது இன்னாதது என்று சொன்னதும் இல்லை என்கிறார் புலவர். பிறகுதான் அந்தப் பேராறு வருகிறது. மின்னலோடு மழை பொழிந்து, கல்லில் மோதி ‘இரங்கும்’ ஆறு. அதில் நீரின் போக்கிலே போகும் ஒரு தெப்பம். அப்படி முறையின் வழியே போகும் உயிர். இரங்குதல் என்ற சொல்லுக்கு ஒலித்தல் என்றும் பொருள், வருந்துதல் என்றும் பொருள். தெப்பம் எதையும் எதிர்க்கவில்லை, எதற்கும் அழவுமில்லை. இது மேடையில் முழங்குகிறவரின் குரல் அன்று. நெடுநேரம் ஆற்றங்கரையில் அமர்ந்து பார்த்துத் தெளிந்தவரின் குரல். ‘தெளிந்தனம்’ என்று அவரே சொல்கிறார்.

பாட்டின் பொருள்வகையைத் திணை என்றும் அதன் உட்பிரிவைத் துறை என்றும் சொல்வார்கள். இப்பாடலுக்குப் பொதுவியல் திணை, பொருண்மொழிக்காஞ்சித் துறை என்று குறிப்பு இருக்கிறது. காஞ்சி நிலையாமையைத் தழுவியது. அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டுப் பாட்டுக்குள் போகிறவருக்கு முதல் வரியின் உறவே வேறு விதமாகக் கேட்கும். எல்லோரும் ஒரே வெள்ளத்தில் போகும் தெப்பங்கள் என்பதைக் கண்டுகொண்டவருக்கு யார் அயலார்? கடைசி இரண்டு வரிகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பெரியோரை ‘வியத்தலும் இலமே’ என்று நிறுத்திவிட்டு, சிறியோரை இகழ்தல் ‘அதனினும் இலமே’ என்கிறார். பாடல் முழுவதும் தராசு முள்ளைப் போல நடுவில் நின்ற குரல், அந்த ‘அதனினும்’ என்ற ஒரு சொல்லில் மட்டும் சிறியோர் பக்கம் சற்றே சாய்கிறது. எனக்கு இந்தப் பாட்டில் ஆக உயர்ந்த இடம் அதுதான். முதல் வரியோடு நிறுத்துகிறவருக்கு அது கிடைப்பதில்லை.

‘இலமே’ என்ற சொல் அந்தப் பாட்டில் நான்கு முறை வருகிறது. அதே சொல் புறநானூற்றின் 112ஆம் பாடலில் ஒரே ஒரு முறை, கடைசிச் சொல்லாக வருகிறது. மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டுப் பாரியை வீழ்த்திய பிறகு அவன் மகளிர் பாடியது, ஐந்தே வரி. ‘எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர் கொளார்’ என்று அன்றைய நிலவில் தந்தையை முன்னே வைத்தவர்கள், இன்றைய நிலவில் வரிசையை மாற்றுகிறார்கள்: ‘எம் குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே’. குன்று போனதை முதலில் சொல்லிவிட்டு, சொல்ல முடியாததைக் கடைசிக்கு ஒதுக்குகிறார்கள். அழுதோம் என்று ஒரு சொல் கிடையாது. பூங்குன்றனாரின் ‘இலமே’ பற்று விட்டவர் சொல்வது. இந்த ‘இலமே’ பற்றிக்கொண்டிருந்த கை வெறுங்கையானவர்கள் சொல்வது. ஒரே சொல், ஒரே தன்மைப் பன்மை. ஆனால் ஒன்றைப் படிக்கும் குரலில் மற்றதைப் படிக்க முடியாது.

பல ஆண்டுகளுக்கு முன் இவ்விரு பாடல்களையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்துப் படிக்கச் சொன்னேன். 112ஐப் படித்த மாணவி கடைசிச் சொல்லுக்கு முன் தானாகவே நின்றுவிட்டாள். பிறகு, ‘ஐயா, இவங்களைத் தோற்கடிச்ச ராஜாக்களை எதுக்கு “வென்றெறி முரசின் வேந்தர்”னு பெருமையா சொல்றாங்க?’ என்று கேட்டாள். புறநானூற்றுப் பழைய உரைகாரருக்கும் அந்த இடம் உறுத்தியிருக்கிறது; அத்தொடர் இகழ்ச்சிக்குறிப்பு என்று எழுதியிருக்கிறார். (அவ்வுரை முதல் 266 பாடல்களுக்கு மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கிறது, அதில் இப்பாடல் அமைந்தது நம் பேறு.) ஒரு பதினான்கு வயதுப் பெண் யார் உதவியும் இல்லாமல் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள் என்றால், பாட்டை முழுவதும் வாய்விட்டுப் படித்ததுதான் காரணம்.

தொனியைக் கவனிப்பது நமக்குப் புதிய பழக்கமும் அன்று. உள்ளத்து உணர்வு வெளியே புலப்படுவதைப் பற்றித் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டைச் சொல்கிறது. அவற்றுக்கு மேலும் பலவற்றை அடுக்கும்போது ‘நடுவுநிலை’யையும் சேர்க்கிறது. அகப்பாடல்கள் ஒவ்வொன்றுக்கும் கூற்று, அதாவது யார் எந்தச் சூழலில் சொன்னது என்ற குறிப்பு, எழுதி வைத்தார்கள். ‘நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று’ என்ற குறுந்தொகைப் பாடலைத் தனியே படித்தால் காதலின் பெருமை பேசும் பாட்டாக மட்டும் தோன்றும். தலைவன் வேலிப்புறத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான், தோழி அவனைப் பழிக்கிறாள், தலைவி விட்டுக்கொடுக்காமல் மறுமொழி சொல்கிறாள் என்ற குறிப்போடு படித்தால், அதே வரிகளில் ஒரு பெண்ணின் பிடிவாதமும், அவன் விரைவில் மணந்துகொள்ள வேண்டுமே என்ற தவிப்பும் கேட்கின்றன.

பாரதிக்கு வருகிறேன். ‘தேடிச் சோறு நிதந் தின்று’ என்று தொடங்கும் பகுதியை எதிரிக்கு விடும் சவாலாகவே எங்கும் கேட்கிறேன். அது சக்தியிடம் வரம் கேட்கும் பாட்டு. ‘நினைத்தாயோ’ என்று கேட்பது அவளிடம். அடுத்த பகுதியிலேயே ‘நின்னைச் சில வரங்கள் கேட்பேன் அவை நேரே இன்றெனக்குத் தருவாய்’ என்கிறார். அங்கே முதலில் கேட்பவையும் வெற்றியோ புகழோ அல்ல. தம் முன்னைத் தீய வினைப்பயன்கள் அழிய வேண்டும், தம்மைப் புதிய உயிராக்க வேண்டும், மதியைத் தெளிவாக்க வேண்டும் என்பவை. அம்மாவின் முந்தானையைப் பிடித்திழுக்கும் பிள்ளையின் உரிமையும், தானும் அப்படி வீழ்ந்துவிடுவோமோ என்ற உள்ளச்சமும் சேர்ந்த குரல் அது. அச்சத்தை எடுத்துவிட்டு வீரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் பாட்டில் பாதிதான் நம் கையில் இருக்கும்.

புதுக்கவிதைக்குத் திணையும் துறையும் கூற்றும் எழுதித் தருவார் இல்லை. ஆகவே அங்கே படிப்பவரின் காது இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். ஞானக்கூத்தனின் ‘எனக்கும் தமிழ்தான் மூச்சு, ஆனால் பிறர்மேல் அதை விட மாட்டேன்’ என்ற சிறு கவிதையைத் தமிழைப் பழிப்பதாகச் சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். ‘எனக்கும்’ என்பதில் மற்றவர்களோடு தம்மையும் சேர்க்கும் உம்மையையும், ‘தான்’ என்று உறுதி சொல்லும் தேற்றத்தையும் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தமிழ் தம் மூச்சு என்பதை அவர் முதலில் முழுதாக ஒப்புக்கொண்டுவிட்டார். பிறகு வரும் ‘ஆனால்’ மொழியை மறுக்கவில்லை. அதை அடுத்தவர் முகத்தில் ஊதும் பழக்கத்தை மறுக்கிறது. குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் அந்தக் கவிதையின் பலம்.

வினாத்தாள் அமைப்போருக்கு என் வேண்டுகோள் சிறியது. ‘மையக்கருத்து யாது’ என்பதோடு, ‘இப்பாடலில் பேசுபவர் யார், யாரிடம், எந்த மனநிலையில் பேசுகிறார்? அதை உணர்த்தும் சொல் எது?’ என்று ஒரு வினாவையும் சேருங்கள். அதற்கு நோட்ஸில் ஆயத்த விடை எழுதுவது கடினம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வாரம் ஒரு பாடலை, ஒரு வரியாக வெட்டாமல், திணை துறைக் குறிப்புகளோடு முழுமையாக வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பாரி மகளிரின் அந்த ஐந்து வரியிலிருந்து தொடங்கலாம். இடம் அதிகம் பிடிக்காது.

இப்படிக்கு,
தமிழாசிரியர் (பணி ஓய்வு),
மதுரை.