அடுத்த மருந்துக்கும் பாறு கழுகு செத்துத்தான் சாட்சி சொல்ல வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செத்த மாட்டைத் தின்று வாழும் பாறு கழுகுகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவற்றுக்குக் கெடுதலான மாட்டு வலி மருந்துகளுக்குத் தடை வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று அதை முடித்திருந்தீர்கள். மாடு வளர்க்கும் என்னால் அப்படி நிம்மதியாக இருக்க முடியவில்லை.

போன ஆண்டு எங்கள் பசு ஒன்று முன்கால் வீங்கிப் படுத்துவிட்டது. டாக்டர் வர ஒரு நாள் ஆகும் என்றார்கள். பக்கத்தில் ஊசி போடுகிற ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் சின்னக் குப்பிகள் ஐந்தை உடைத்து ஒரே ஊசியில் ஏற்றிப் போட்டார். காலிக் குப்பியை எடுத்துப் பார்த்தால் டைக்ளோஃபினாக், மனிதருக்கான வலி மருந்து. இரண்டாம் நாள் பசு செத்துப்போனது. வழக்கமாகக் காட்டோரம் இழுத்துப் போட்டுவிடுவோம். அன்று நானும் தம்பியும் குழி வெட்டிப் புதைத்தோம்.

அந்த இறைச்சியைத் தின்றிருந்தால் பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல் படிந்து, ஓரிரு நாளில் செத்துவிடும். நூறு சடலத்தில் ஒன்றில்கூட இல்லை, அதற்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டை இடுகிற பறவை அந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்? 1990களில் தொடங்கி பதினைந்து ஆண்டுக்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. திருக்கழுக்குன்றத்துக்குக் கழுகு வருவதும் நின்றுபோனது. மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் பாறுகள் இன்றும் கூடு கட்டுவது எங்கள் பக்கத்தின் பாக்கியம்.

இனித் தடைகளின் வரிசையைப் பாருங்கள். மாட்டுக்கு டைக்ளோஃபினாக் கூடாது என்று 2006இல் சொன்னார்கள். மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போயின. 2015இல் 3 மில்லிக்கு மேல் குப்பி கூடாது என்றார்கள். அதை எதிர்த்த வழக்கும் 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அப்புறம் அசெக்ளோஃபினாக் என்ற இன்னொரு வலி மருந்து வந்தது. அது மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. அதையும் கீட்டோபுரோஃபென் என்ற வலி மருந்தையும் மாட்டுக்குத் தடுக்க 2023 ஆகிவிட்டது. அதே வகை நிமெசுலைடுக்குத் தடை வர 2024 டிசம்பர் வரை காத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் பறவை செத்த பிறகுதான் ஆணை வருகிறது.

இந்த முறையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே என் கோரிக்கை. கால்நடைக்கான வலி மருந்து எதுவானாலும், பாறுகளுக்குக் கெடுதல் இல்லை என்று கம்பெனி முதலில் நிரூபிக்கட்டும். உரிமம் அதற்குப் பிறகு கொடுக்கலாம். முடியாத காரியமில்லை. மெலாக்சிகாம், டோல்ஃபெனமிக் அமிலம் இரண்டும் அப்படிச் சோதித்துத் தேறியவைதான்.

இது பறவையோடு நிற்கிற விஷயமும் இல்லை. சடலத்தைத் தின்னப் பாறு இல்லாவிட்டால் நாய்கள் பெருகும், வெறிநாய்க்கடி கூடும். அந்தக் கடி விழுவது எங்கள் பிள்ளைகள் மேல்.

ஊசி போட வந்தவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது அதுதான். மெலாக்சிகாம் எந்த நேரமும் எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் கிடைக்க வேண்டும். சீட்டில்லாமல் டைக்ளோஃபினாக் ஊசியைக் கட்டுக்கட்டாக விற்கும் கடைகளை மருந்து ஆய்வாளர்கள் போய்ப் பார்க்க வேண்டும், முதலில் காட்டோர ஊர்களில்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் வாசகர்,
மசினகுடி, நீலகிரி மாவட்டம்.