கதைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு: கோத்தகிரியிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்தில் வேலை, வீடு, தோட்டம் போக மிஞ்சும் நேரத்தில் கதை எழுதுகிறவர்கள் நாங்கள். எங்கள் சிறுகதைத் தொகுப்பு அச்சாகி வந்துவிட்டது. நன்றி சொல்லப் புத்தகத்தில் ஒரு பக்கம்தான் இருந்தது. அங்கே ‘உதவிய நல்லுள்ளங்களுக்கு’ என்று எழுதி முடித்துவிட்டால் யார் எதைக் கொடுத்தார்கள் என்பது யாருக்குமே தெரியாமல் போய்விடும். ஆகவே இந்தத் தனி மடல். பெயர் வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டதால் தொழிலை வைத்தே குறிப்பிடுகிறோம். படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி தேயிலைத் தொழிற்சாலை அண்ணனுக்கு. மலைக்கதைகளில் காலையில் பறித்த கொழுந்து மாலையில் தூளாகி டம்ளரில் கொதித்துக்கொண்டிருக்கும். அது நடக்காத காரியம் என்று உட்காரவைத்துச் சொன்னவர் அவர். பச்சை இலை வந்ததும் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாட்ட வேண்டும். மழைநாளில் வரும் ஈர இலைக்கு இன்னும் கூடுதலாகும். வாட்டம் சரியாக வராத இலையை, நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி உருளைகளில் விட்டால் குழகுழவென்று போய்விடும். அதற்குப் பிறகுதான் புளிக்கவிடுவது, டிரையர், சலிப்பு எல்லாம். நாலு, நாலரை கிலோ பச்சை இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தூள் தேறும். இத்தனையும் கதைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இரவெல்லாம் இலை வாடுவதால்தான் தொழிற்சாலைக்கு இரவு ஷிப்ட் இருக்கிறது. இரவு ஷிப்ட் இருப்பதால்தான் தொகுப்பின் மூன்றாவது கதையில் வரும் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அரிதாகிறது. அவர்களுக்குள் வரும் சண்டையை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, வாட்டும் மேடையே எடுத்துக் கொடுத்தது.

கொழுந்து பறிக்கும் அக்காமார் தந்தது இன்னும் நுட்பமானது. கையால் பறிப்பவருக்கு விரல் கறுக்கும், கத்தரி பிடிப்பவருக்குத் தோளும் மணிக்கட்டும் போகும். எனவே கதாநாயகிக்கு எங்கே வலிக்கிறது என்று எழுதும் முன்பு அவள் கையில் என்ன இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். எடை போடும் இடத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பார்கள். அந்தக் கழிவு ஒரு கிலோ கூடிவிட்டால் அதுவே ஒரு கதைக்குப் போதும். செடிகளை மட்டமாகக் கவாத்து வெட்டிய தோட்டத்தில் சில மாதத்துக்குக் கொழுந்து கிடையாது. பாத்திரத்தைக் கையில் காசில்லாத நிலைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் இழவையும் விபத்தையும் இழுத்து வர வேண்டியதில்லை, கவாத்தே போதும்.

பருவத்தைத் திருத்தியவர் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர். நீலகிரி என்றாலே ஜூன், ஜூலையில் அடைமழை என்று எழுதிவிடுவது வழக்கம். கூடலூருக்கும் பந்தலூருக்கும் அது சரி. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மண் சரிவதும் பாதை அடைபடுவதும் இந்தப் பக்கம் பெரும்பாலும் அப்போதுதான். உறைபனிக்கு அவர் சொன்ன கணக்கு வேறு. வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்து, காற்றும் அசையாத இரவில், பள்ளமான வெளியில்தான் பனி உறையும். மூட்டம் போட்ட இரவில் உறையாது. ஆக, ஒரே ராத்திரியில் மூடுபனியில் காதலர்களைத் தொலைத்துவிட்டு விடிந்ததும் புல்வெளியை வெள்ளையாக்க முடியாது, இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். குறிஞ்சிக்கும் இதே கட்டுப்பாடுதான். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. 2006, 2018, அடுத்து 2030. நடுவில் ஏதோ ஓர் ஆண்டில் கதை நடந்தால் மலைச்சரிவை நீலமாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். (இன வேறுபாட்டால் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பூப்பதுண்டு. அதைச் சாக்காக வைக்கிறவர்களோடு பெரியவர் பேசமாட்டார்.)

மலை ரயிலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவருக்கு ஒரு வணக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்னால் இழுப்பதாக எழுதினால், ஊருக்கு வெளியே இருப்பவர்கள் படித்துக்கொண்டே போவார்கள், உள்ளூர்க்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஆள் நிற்கிறார். கல்லாறு முதல் குன்னூர் வரைதான் பல்சக்கரப் பாதை. பாதை குன்னூருக்கு வந்தது 1899-ல், ஊட்டிக்குப் போனது 1908-ல். எனவே 1903-ல் ஊட்டி ஸ்டேஷனில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க முடியாது. கூடலூர் லாரி ஓட்டுநர் தம்பி சொன்னதும் இந்த வகைதான். பந்திப்பூர் காட்டுவழியில் இரவு 9 முதல் காலை 6 வரை, ஆம்புலன்சும் குறித்த சில பேருந்துகளும் தவிர, வண்டி விடுவதில்லை. 2009-லிருந்து இதுதான் நிலை. இன்றைய கதையில் நள்ளிரவு லாரியை அந்தக் காட்டுக்குள் விட்டால் செக்போஸ்ட்டைத் தாண்டியது எப்படி என்று ஒரு வரியாவது வேண்டும்.

தாயகம் திரும்பிய குடும்பத்துப் பாட்டிமார் இருவர் சொன்னதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களைத் தனுஷ்கோடியில் இறக்கிவிடும் கதைகள் இருக்கின்றன. அந்த ஊர் 1964 டிசம்பர் புயலிலேயே அழிந்துவிட்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் இறங்கியது ராமேஸ்வரத்தில். அப்புறம் மண்டபம் முகாம், அங்கிருந்து ரயில். கையில் குடும்ப அட்டை. எந்த மறுவாழ்வுத் திட்டத்துக்கு எந்த ஊர் என்பது அவர்களைக் கேட்காமலே தீர்ந்துபோயிருக்கும். தோட்டத்து வரிசை வீட்டைச் சொல்லும் லயம், பெரட்டு, கங்காணி என்ற சொற்களெல்லாம் அவர்கள் பேச்சில் இருந்தபடியே தொகுப்பில் இருக்கின்றன. அடிக்குறிப்பு போடவில்லை. முதல் முறை வரும் இடத்தில் வாக்கியமே பொருளைச் சொல்லிவிட வேண்டும், ‘விடிகாலைப் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்க வந்த கங்காணி’ என்பதுபோல. சொல்லாவிட்டால் குறை வாக்கியத்தில் இருக்கிறது.

உரையாடலைச் சீர்செய்து கொடுத்த ஆசிரியை அக்காவின் விதிகளைப் புதிதாக எழுத வருகிறவர்களுக்காக இங்கே போட்டுவைக்கிறோம். பேச்சுத் தமிழ் மேற்கோளுக்குள் மட்டும். கதை சொல்லும் குரலும் ‘வந்துட்டான், போய்ட்டான்’ என்று இறங்கினால் நாலு பக்கத்தில் காது களைத்துவிடும். ஒரு பாத்திரத்தின் வட்டாரம் தெரிய இரண்டு மூன்று அடையாளச் சொல் போதும், ஒவ்வொரு சொல்லையும் சிதைத்து எழுதினால் ஆள் கோமாளியாகிவிடுவார். வீட்டில் படுக மொழி பேசும் குடும்பத்துக்குக் கோயமுத்தூர்த் தமிழை ஒட்டவைப்பது பெரிய பிழை. அவர்கள் பேச்சை நேரான, நிறம் ஏற்றாத தமிழில் எழுதிவிட்டு, பாட்டியை அழைக்கும் ‘ஹெத்தை’ போன்ற உறவுப் பெயரை மட்டும் அப்படியே விட வேண்டும். ஹட்டிக்குள், அதாவது படுகர் ஊருக்குள், நடக்கும் சடங்கை எழுதினால் அந்த ஹட்டிக்காரர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும். படித்துக் கொடுத்த பெரியவர்கள் எதை எழுதக் கூடாது என்று சொன்னார்களோ அது தொகுப்பில் இல்லை.

முதல் வாசகர்களாக இருந்த கண்டக்டர் அண்ணன், செவிலியர் இருவர், பேக்கரிக் கடை அம்மா ஆகியோருக்கு நன்றி. இவர்கள் யாருக்கும் விமர்சனம் எழுதத் தெரியாது, அதனால்தான் கேட்டோம். வேலை இப்படி நடந்தது. கதையைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், இரட்டை வரி இடைவெளியில், அகல ஓரம் விட்டு அச்சிட்டு ஒரு வாரம் முன்னாலேயே கையில் கொடுத்துவிட வேண்டும். வாசகர் போட வேண்டியது மூன்றே குறி. பிடித்த இடத்தில் சரி. மனம் வேறெங்கோ போன இடத்தில் அலைக்கோடு. புரியாத இடத்தில் கேள்விக்குறி. எப்படி மாற்றலாம் என்று அவர்கள் சொல்லக் கூடாது, எழுதியவரும் ‘நான் சொல்ல வந்தது என்னவென்றால்’ என்று வாய் திறக்கக் கூடாது. இரண்டாவது விதிதான் கடினம். மூன்று பேரின் அலைக்கோடு ஒரே இடத்தில் விழுந்தால் அந்தப் பத்தி போக வேண்டும். ஒருவர் மட்டும் போட்டிருந்தால் தொட வேண்டாம், அன்றைக்கு அவருக்குத் தலைவலியாக இருந்திருக்கலாம். அலைக்கோடு அதிகம் விழுவது முதல் பக்கத்தில்தான். மலையும் மூடுபனியும் தேநீரும் வர்ணனையாக நிரம்பி, ஆள் யாரும் ஒன்றும் செய்யாமல் கிடக்கும் பக்கம் அது. வெட்டிவிட்டுப் பார்த்தால் கதை இரண்டாம் பக்கத்தில் தானாகவே எழுந்து நிற்கும். குடும்பத்தாரிடம் முதல் வரைவைக் கொடுப்பதால் பயனில்லை. அவர்கள் கதையை விட்டுவிட்டு, அதில் தாங்கள் இருக்கிறோமா என்று தேடுவார்கள்.

அந்தத் தேடலும் நியாயமானதுதான். சின்ன ஊரில் பெயரை மட்டும் மாற்றினால் ஆள் மறையாது. உறவு, தொழில், ஊர் மூன்றில் இரண்டையாவது மாற்ற வேண்டும், ஊரறிந்த ஒரு சம்பவத்தை அப்படியே எடுக்கக் கூடாது. மாற்ற மாற்ற எழுதுகிறவருக்கும் ஒன்று நடக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவாக இருந்தவள் தேனாட்டில் டெய்லர் கடை வைத்திருக்கும் வேறொருத்தியாகிவிட்ட பிறகுதான், அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்கவே தோன்றுகிறது. தெரிந்த ஆளைத் தீர்ப்புச் சொல்லி முடித்துவிடலாம். உண்டாக்கிய ஆளோடு கூடவே நடக்க வேண்டியிருக்கிறது. கதை எழுதுவதில் மனம் நிறைகிறது என்றால் பெரும்பங்கு இந்த நடையில்தான் கிடைக்கிறது, அச்சில் பெயர் பார்ப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பெயர் என்றதும் ஆசிரியர் குறிப்பைச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் ஒரு எண், ரேஷன் கார்டில் ‘மனைவி’, பள்ளிக்கூட வாசலில் ‘இன்னாருடைய அம்மா’ என்று இருப்பவர்களுக்கு நாற்பது சொல்லில் தன்னைப் பற்றி எழுதுவது, கதை எழுதுவதைவிடக் கஷ்டம். மெய்ப்புப் பார்த்த ஐயா அந்தக் குறிப்புகளிலிருந்து கணவரின் பதவியையும் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் இரக்கமில்லாமல் அடித்துவிட்டு, ‘என்ன எழுதுகிறீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்’ என்று திருப்பி அனுப்பினார். அதற்காக அவருக்குத் தனி நன்றி. புனைபெயர் விரும்பியவர்களுக்கு ஒரு தகவல். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவரின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுக்கும் உண்டு. புனைபெயரில் வெளியாகி, யார் என்று வெளியே தெரியாமலே இருந்துவிட்டால் வெளியான பின் 60 ஆண்டு மட்டும்.

ஐயா பிடித்த பிழைகளில் பெரும்பகுதி கணினி பிடிக்காதவை. ‘பணி மூட்டம்’, ‘மழை அடிவாரம்’ இரண்டிலும் ஒவ்வொரு சொல்லும் தனியே சரியாக இருப்பதால் சிவப்புக் கோடு விழாது. பக்கத்தைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தால் கதை இழுத்துக்கொண்டு போகாது, எழுத்து மட்டும் கண்ணில் படும்.

பக்கம் அமைத்த தம்பிக்கு வந்த தொல்லை, பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கதைகளும் யூனிகோடில் வந்தவையும் கலந்துகிடந்தது. பாமினியில் நிறுத்தக்குறி விசைகளில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருப்பதால், மாற்றும்போது மேற்கோள் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் அர்த்தமில்லாமல் சிதறும். பக்க அமைப்பு மென்பொருளில் பன்மொழிக் கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும். இனிமேல் எல்லோரும் யூனிகோடில் அனுப்புங்கள், தம்பியின் கண் தப்பும்.

கோவையில் அச்சிட்டுத் தந்தவர்களுக்கு, மலைக்கு ஏற்றபடி செய்ததற்காக நன்றி. டெமி அளவு, 144 பக்கம். ஒரே தாளில் அச்சாகி மடியும் 16 பக்கம் ஒரு பாரம், அப்படி ஒன்பது பாரம் சரியாக வந்ததால் வெற்றுத்தாள் விழவில்லை. அட்டையின் ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டால் மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சி, மழைமாதத்தில் அட்டை வெளிப்பக்கம் சுருளும். அதற்காக 300 ஜிஎஸ்எம் அட்டை போட்டு, ஒட்டிய புத்தகங்களை எடை வைத்து அடுக்கி ஆறவிட்டார்கள். தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓடும்படி வெட்டியதால் விரித்தால் விரிந்தபடி நிற்கிறது. வாங்குகிறவர்கள் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். ஐஎஸ்பிஎன் எண் இணையத்தில் விண்ணப்பித்தால் இலவசம், தரகரிடம் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வெளியான 30 நாளுக்குள் கன்னிமரா உள்ளிட்ட வைப்பு நூலகங்களுக்குப் படி அனுப்புவது சட்டம். அதற்குப் பார்சல் கட்டிய தபால் அலுவலக அம்மாவுக்கும் எங்கள் கும்பிடு.

விடிகாலை அடுப்பைப் பார்த்துக்கொண்ட மாமியார், அம்மா, கணவன்மார், பிள்ளைகள் எல்லோருக்கும் நன்றி. விரிவாகச் சொன்னால் அடுத்த முறை கூலி கேட்பார்கள்.

உதவிய ஒவ்வொருவருக்கும் ஒரு படி எடுத்துவைத்திருக்கிறது. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேக்கரியில், எங்கள் முதல் வாசகியான அந்த அம்மாவிடமே வாங்கிக்கொள்ளலாம். அடுத்த தொகுப்புக்குக் கதை கொடுப்பவர்கள் 2,500 சொல்லுக்குள், யூனிகோடில் அல்லது தாளின் ஒரு பக்கத்தில் கையால் எழுதி, அவரிடமே கொடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தின் மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

நன்றியுடன்,
கோத்தகிரியில் கூடிக் கதை எழுதுவோர்