ஒரு மில்லி விட்ரியஸ், ஒரு மணி நேரம்

புதுச்சேரி நலவழித்துறைக்கும், புதுச்சேரி, கடலூர் வட்டார மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வு நெறிமுறைக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

வணக்கம். கண்ணுக்குள் வரும் நிணநீர்ப் புற்றான விட்ரியோரெட்டினல் லிம்போமாவைக் கண்டறிவது, அதற்குச் சிகிச்சை தருவது பற்றிய ஆய்வை நம் வட்டாரத்து மருத்துவமனைகள் சேர்ந்து நடத்த வழி செய்யுங்கள் என்று கேட்டு இதை எழுதுகிறோம். இது அரிய நோய்தான். ஆனால் கண்ணோடு நிற்கிற நோய் அல்ல. மூளை லிம்போமாவின் கூடப்பிறப்பு. கண்ணில் தொடங்கியவர்களில் கணிசமானோருக்கு மூளையிலும் தலைகாட்டுகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்.

நோய் எப்படி வந்து நிற்கிறது என்று பாருங்கள். அறுபதை ஒட்டிய வயது. "கண்ணு முன்னாடி கொசு பறக்குற மாதிரி இருக்கு, பனி மூடுன மாதிரி தெரியுது" என்கிறார். கண் சிவப்பில்லை, வலியில்லை. ஸ்லிட் லேம்ப் என்னும் கண் நுண்ணோக்கியில் வைத்தால், விழிக்குள் இருக்கும் கூழான விட்ரியஸில் செல்கள் திரைச்சீலை போலத் தொங்குகின்றன. கண்ணின் உள் அழற்சியான யுவியைடிஸ் என்று எழுதி ஸ்டீராய்டு தொடங்குகிறோம். காசநோய்க்கான மாண்டூ தோல் பரிசோதனை பாசிட்டிவாக வந்தால், நம் ஊரில் அதில் வியப்பில்லை, காசநோய் மாத்திரையும் சேர்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் பார்வை தெளிகிறது. எல்லோருக்கும் நிம்மதி. ஸ்டீராய்டைக் குறைத்ததும் மறுபடி மங்குகிறது. இந்தச் சுற்று மாதக்கணக்கில் ஓடுகிறது, சிலருக்கு ஓராண்டைத் தாண்டுகிறது.

லிம்போமா செல் ஸ்டீராய்டுக்குச் சாகும். பார்வை தெளிந்தது மெய், நோய் போனதுதான் பொய். இன்னொரு கேடும் உண்டு. ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருக்கும்போது விட்ரியஸை எடுத்துப் பார்த்தால் கண்ணாடித் தகட்டில் கிடைப்பது செத்த செல்லும் சிதறிய நியூக்ளியஸும் சாதாரண டி-லிம்போசைட்டுகளும்தான். "புற்று செல் இல்லை" என்று அறிக்கை வரும். அந்த ஒரு வரியை நம்பி நோயாளி மறுபடி யுவியைடிஸ் கிளினிக்குக்கே போவார்.

சந்தேகத்தை எழுப்பும் அடையாளங்கள் கண்ணிலேயே இருக்கின்றன. இவ்வளவு செல் மிதந்தும் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் வீக்கம் இல்லை. செல்லின் அளவைப் பார்த்தால் பார்வை இதைவிட மோசமாக இருக்க வேண்டும். விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி படத்தில் நிறமி எபிதீலியத்துக்கு அடியில் மேடுமேடாகப் படிவு, ஆட்டோஃபுளோரசன்ஸ் படத்தில் சிறுத்தைத் தோல் போன்ற புள்ளிகள். இவற்றில் இரண்டு சேர்ந்தாலே ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. விட்ரியஸை எடுக்கும் அறுவையான விட்ரெக்டமிக்கு முன் குறைந்தது இரண்டு வாரமாவது ஸ்டீராய்டு இல்லாமல் இருக்க வேண்டும். காசநோய், சிபிலிஸ், சார்காய்டோசிஸ் ஆகியவற்றை விலக்கும் பரிசோதனைகளை அந்த இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடலாம். கடோலினியம் ஏற்றிய மூளை எம்ஆர்ஐயையும் அப்போதே எடுத்துவிட வேண்டும். மூளையில் கட்டி தென்பட்டால், எந்தத் திசுவை எடுப்பது என்ற கேள்வியே மாறிவிடும்.

இனி ஆய்வின் உயிர்நாடியான மாதிரிக்கு வருகிறோம். விட்ரெக்டமியில் முதலில் எடுப்பது நீர்த்துப்போகாத விட்ரியஸ், 1 முதல் 2 மில்லி வரை. உட்செலுத்தும் திரவக் குழாயை மூடிவைத்துவிட்டு, விட்ரியஸை வெட்டும் கருவியான கட்டரின் உறிஞ்சு குழாயோடு மூவழி ஸ்டாப்காக் வழியாக ஒரு சிரிஞ்சை இணைத்து, உதவியாளர் கையால் மெல்ல இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் செல் நசுங்கும். இன்றைய இயந்திரங்கள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் வெட்டுகின்றன. இந்த ஒரு மில்லிக்கு மட்டும் 600 வெட்டுக்கோ அதற்கும் கீழேயோ இறக்குவது நல்லது. கண் குழைந்து வருவது கைக்குத் தெரியும். வெளியிலிருந்து பஞ்சுக் குச்சியால் விழியின் வெள்ளைச் சுவரான ஸ்கிளீராவை அழுத்திக்கொண்டே இழுத்தால் இன்னும் கால் மில்லி கிடைக்கும். அதற்குப் பிறகே திரவத்தைத் திறக்க வேண்டும். முழு அறுவை முடிந்ததும் இயந்திரத்தின் கேசட்டில் சேர்ந்திருக்கும் நீர்த்த திரவத்தைக் கொட்டிவிடுவது பல அறுவை அரங்குகளில் பழக்கம். கொட்டக் கூடாது. அதிலும் செல் இருக்கிறது, சுழற்றிப் படியவைத்தால் செல் பிளாக் செய்யலாம்.

சிரிஞ்சில் அடைத்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. இந்தச் செல்கள் நொய்மையானவை, ஒரு மணி நேரத்துக்குள் சிதையத் தொடங்கிவிடும். அரங்கும் ஆய்வுக்கூடமும் ஒரே வளாகத்தில் இருந்தால் கவலை இல்லை. கடலூரில் எடுத்த மாதிரி மரப்பாலம் நெரிசலைத் தாண்டி, கத்திரி வெயிலில், இருசக்கர வண்டியின் பெட்டிக்குள் புதுச்சேரிக்குப் போவதாக நினைத்துப் பாருங்கள். அங்கே போய்ச் சேரும்போது படிக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் எடுத்த இடத்திலேயே மாதிரியில் ஒரு பங்கை செல்லை உயிரோடு வைக்கும் ஆர்பிஎம்ஐ ஊடகத்திலும், ஒரு பங்கை செல்லைப் பதப்படுத்தும் மென்மையான சைட்டாலஜி ஃபிக்ஸேட்டிவிலும் சேர்த்து, ஐஸ் பேக்கை நேராகத் தொடாதபடி 4 டிகிரியில் அனுப்ப வேண்டும். செல்களை ஒவ்வொன்றாக வகைப்படுத்தும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு உயிருள்ள செல் வேண்டும், ஆகவே அந்தப் பங்கில் ஃபிக்ஸேட்டிவ் ஒரு சொட்டும் படக்கூடாது. செல் உள்ள குழாயை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. குழாயின் மீது எடுத்த நேரத்தை எழுத வேண்டும், தேதி மட்டும் போதாது.

மாதிரி குறைவாக இருந்தால் எந்தப் பரிசோதனைக்கு முதலிடம் என்ற சண்டை எங்கும் உண்டு. சுழற்றிப் பிரித்தால் அந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். அடியில் படிந்த செல் சைட்டாலஜிக்கும், பி-செல்லை அடையாளங்காட்டும் சி.டி.20 போன்ற சாயங்களுக்கும் போகும். மேலே நிற்கும் தெளிந்த நீர், செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதமான இன்டர்லூகினின் (ஐஎல்) அளவைப் பார்க்கப் போகும். ஐஎல்-10 ஐஎல்-6ஐ விட அதிகமாக இருந்தால் லிம்போமாவின் பக்கம் சாயலாம், ஏனென்றால் பி-செல் லிம்போமா ஐஎல்-10ஐச் சுரக்கிறது, அழற்சியில் ஐஎல்-6 ஓங்குகிறது. அதே தெளிந்த நீரில் மிதக்கும் டிஎன்ஏவிலேயே எம்.ஒய்.டி.88 மரபணுவின் எல்265பி பிறழ்வையும் பிசிஆர் மூலம் தேடலாம். இந்த லிம்போமாக்களில் பெரும்பாலானவற்றில் அந்தப் பிறழ்வு இருக்கிறது. கண்ணின் முன் அறையிலிருந்து ஊசியால் எடுக்கும் 0.1 மில்லி அக்வஸ் திரவத்திலும் இவ்விரண்டையும் பார்க்க முடியும் என்பது ஏழை நோயாளிக்கு நல்ல செய்தி. அறுவை அரங்கு இல்லாமலே சந்தேகத்தை வடிகட்டலாம். இந்த அக்வஸ் பரிசோதனை நம் நோயாளிகளிடம், காசநோய் யுவியைடிஸ் மலிந்த இந்த மண்ணில், எவ்வளவு நம்பகமானது? இதைத்தான் முதலில் ஆராய விரும்புகிறோம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நெறிமுறைக் குழு கவனிக்க வேண்டும். ஐஎல்-10 உயர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்து ஒருவருக்கு லிம்போமா என்று முடிவுகட்டிவிட்டு, பிறகு ஐஎல்-10 எவ்வளவு துல்லியம் என்று கணக்கிட்டால் அது தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் கணக்கு. இறுதி முடிவை சைட்டாலஜி, மூளைத் திசு, ஓராண்டுத் தொடர் கண்காணிப்பு ஆகியவற்றைக் கொண்டு தனியாகத் தீர்மானிக்க வேண்டும். தகடுகளை இருவர், மற்றப் பரிசோதனை முடிவு தெரியாமல் படிக்க வேண்டும். பாசிட்டிவ் என்று கொள்ளும் வரம்பு அளவை, ஆய்வு தொடங்குமுன்பே எழுதிப் பூட்டிவிட வேண்டும். ஒப்பீட்டுக்கு, காசநோய் யுவியைடிஸ் கண்களின் மாதிரியும் மாக்குலாவில் விழும் ஓட்டைக்குச் செய்யும் மாக்குலர் ஹோல் அறுவையின் மாதிரியும் தேவை. அழற்சியே இல்லாத கண்களோடு மட்டும் ஒப்பிட்டால் எந்தப் பரிசோதனையும் ஜொலிக்கும்.

ஏன் சேர்ந்து செய்ய வேண்டும் என்கிறோம்? 2015இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றுக்கு 17 மையங்கள் சேர்ந்துதான் 78 நோயாளிகளைத் திரட்ட முடிந்தது. கண்ணுக்கு மட்டும் சிகிச்சை தந்தவர்களைவிட, உடல் முழுவதற்கும் கீமோ சேர்த்தவர்களுக்கு மூளைப் பரவல் குறைந்ததாக அதில் தெரியவில்லை. பின்னோக்கிய ஆய்வு என்பதால் அதையே கடைசித் தீர்ப்பாகக் கொள்ளவும் முடியாது. ஒரு மருத்துவமனை தனியாக உட்கார்ந்து இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டு நெறிகள், இடர் குறைந்த பல மைய ஆய்வுகளுக்கு ஒரு குழுவின் பரிசீலனையை மற்றக் குழுக்கள் ஏற்க இடம் தருகின்றன. நோயறிதலுக்கென எடுத்த மாதிரியின் மிச்சத்தைப் பயன்படுத்துவதும் நோயாளிப் பதிவேடு வைப்பதும் அந்த வகைக்குள் வரும் என நம்புகிறோம். மருந்துப் பரிசோதனைக்கான 2019 விதிகளோ, சொந்தக் குழு இல்லாத மையத்துக்கு அதே நகரிலோ 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ உள்ள குழு அனுமதி தரலாம் என்கின்றன. கடலூர் நகரம் புதுச்சேரியிலிருந்து அந்த வட்டத்துக்குள் வரும், சிதம்பரம் வராது. இதை இப்போதே பேசித் தீர்க்காவிட்டால் முதல் நோயாளி வந்து நிற்கும்போது கோப்பு மேசை மேசையாக அலையும்.

ஒப்புதல் படிவத்தின் தமிழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "கண்ணிலிருந்து நீர் எடுக்கப்படும்" என்று எழுதினால் படிப்பவர் கண்ணீர் என்றே கொள்வார். புரைக்கும் புற்றுக்கும் வேறுபாடு புரியாமல் கையெழுத்திடுவோரும் உண்டு. "விழிக்குள் இருக்கும் கூழ் போன்ற பொருளில் ஒரு சிறு கரண்டியில் கால் பங்கு எடுப்போம், அதற்கு அறுவை அரங்கில் ஊசி துளைபோட வேண்டும்" என்று எழுதுங்கள். மிச்ச மாதிரியைச் சேமிக்கத் தனிக் கையெழுத்து வேண்டும். அதை மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

சிகிச்சையில் எங்களை உறுத்துவது ஊசிகளின் எண்ணிக்கை. கண்ணுக்குள் மெத்தோட்ரெக்ஸேட் என்னும் புற்றுமருந்து 400 மைக்ரோகிராம்: முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இருமுறை, அடுத்த எட்டு வாரம் வாரம் ஒருமுறை, பிறகு ஒன்பது மாதம் மாதம் ஒருமுறை. மொத்தம் 25. பண்ருட்டியிலிருந்து முந்திரி பறிக்கும் வேலையை விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு, வாரம் இருமுறை பேருந்தேறி வருபவருக்கு இது என்ன சுமை என்று எண்ணுங்கள். இடையில் நின்றுபோனால் ஆய்வேட்டில் "தொடர்பறுந்தவர்" என்று ஒரு எண் கூடும், அவ்வளவுதான். பயணச் செலவை ஆய்வு நிதியில் சேர்க்க அனுமதியுங்கள். அது ஆசைகாட்டுவது ஆகாது.

மருந்து கலப்பதில்தான் பெரிய தவறு நடக்கும். பாதுகாப்புப் பொருள் சேராத, மில்லிக்கு 25 மில்லிகிராம் உள்ள குப்பியில் 0.8 மில்லி எடுத்து 4.2 மில்லி சலைன் சேர்த்தால் 5 மில்லியில் 20 மில்லிகிராம். அதில் 0.1 மில்லிதான் ஒரு வேளை. சந்தையில் வேறு வீரியக் குப்பிகளும் இருக்கின்றன. இன்னொருவர் குப்பியைப் பார்த்து வாய்விட்டுப் படித்த பிறகே கலக்க வேண்டும். ஊசியை எடுத்ததும் வெளியே கசியும் துளியைச் சலைனால் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் விழியின் முன் கண்ணாடியான கார்னியாவின் மேல்தோல் புண்ணாகும். மூன்றாவது ஊசியை ஒட்டிக் கண் உறுத்தலும் கூச்சமும் தொடங்குவது சகஜம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளி நின்றுவிடும் இடம் அதுதான். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இடைவெளியை நீட்டுதல், தேவைப்பட்டால் 1 மில்லிகிராம் ரிட்டுக்சிமாபுக்கு மாறுதல் என வழிகள் இருப்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை, குழாய்ப் பட்டியல், பதிவேட்டுப் படிவம், தமிழ் ஒப்புதல் படிவம் நான்கையும் எழுதி வைத்திருக்கிறோம். இரு பக்கத்துக் குழுக்களும் ஒரே மேசையில் அமர்ந்து பார்க்க ஒரு தேதி கொடுங்கள். அடுத்த கத்திரிக்கு முன்னதாக இருந்தால் குளிர்பெட்டி ஏற்பாட்டையும் சேர்த்தே முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கண், நோய்க்குறியியல், புற்றுநோய் மருத்துவப் பிரிவுகளில் பணிபுரிவோர்