பொன்னாடை போர்த்தியது போதும், ஒரு கடிதம் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

நாடுகடத்தப்படும் நிலையில் இருக்கும் புகலிடக் கோரிக்கையாளர்களுக்காக மாநகர சபை உறுப்பினர்கள் பேசுவதைக் கண்டித்து உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். குப்பை அள்ளுவதையும் வீதி திருத்துவதையும் பார்க்காமல் இவர்களுக்கு ஏன் இந்த வேலை, வீசா கொடுப்பது கன்பராவில் இருக்கும் ஆஸ்திரேலிய மத்திய அரசுதானே என்று கேட்கிறார். கன்பராதான், அதில் சண்டை இல்லை. ஆனால் ஒருவருடைய வேலை செய்யும் உரிமையைக் கன்பரா பறித்தால் அவர் கன்பராவுக்குப் போய் நிற்பதில்லை. குடியிருக்கும் ஊரிலேயே வாடகை கட்ட வழியில்லாமல் உணவுப் பொதிக்கு வரிசையில் நிற்கிறார். 2018இல் மத்திய அரசு இவர்களுக்கான உதவிப்பணத்தை வெட்டத் தொடங்கியபோது மெல்பேர்ணின் டண்டினோங் உட்படப் பல மாநகர சபைகள் சேர்ந்து மேயர்கள் குழு ஒன்றை அமைத்தன. இரக்கமும் இருந்திருக்கும், அதோடு சுமை தங்கள் வாசலுக்கே வந்துவிட்டது என்ற கணக்கும் இருந்தது.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களில் பலருக்கே இது சரியாகத் தெரிவதில்லை. 2012 ஆகஸ்ட் 13 முதல் 2014 பிறப்பதற்குள் படகில் வந்தவர்களை 'ஃபாஸ்ட் ட்ராக்' என்ற விரைவு விசாரணை முறைக்குள் தள்ளினார்கள். அதில் மறுபரிசீலனை என்றால் பெரும்பாலும் ஆளைக் கூப்பிட்டு விசாரிக்காமல், கோப்பில் இருப்பதை மட்டும் பார்த்து முடிப்பதுதான். அந்த மறுபரிசீலனை அமைப்பை 2024இல் அரசே இழுத்து மூடிவிட்டது, ஆனால் அது எழுதிவைத்த மறுப்புகள் அப்படியே நிற்கின்றன. தற்காலிகப் பாதுகாப்பு வீசா வைத்திருந்த சுமார் 19,000 பேருக்கு 2023 பெப்ரவரியில் நிரந்தர வீசாவுக்கு வழி திறந்தது. மறுக்கப்பட்டவர்களுக்குத் திறக்கவில்லை. இது போதாதென்று 2024 நவம்பரில் வந்த சட்டப்படி, நாட்டைவிட்டு அனுப்புவதற்கு ஒத்துழைக்கும்படி உத்தரவிட்டும் ஒத்துழைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டு சிறை.

இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மிஞ்சியிருப்பது குடிவரவு அமைச்சரின் தனிப்பட்ட தலையீடு ஒன்றுதான். அவர் மனம் வைத்தால் கொடுக்கலாம். கோரிக்கையை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும் என்றுகூடச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தாது. இப்படிப்பட்ட இடத்தில் இந்த ஆளுக்காக யார் பேசுகிறார்கள் என்பது பெரிய விஷயம், வாக்கு வாங்கி வந்த ஒருவர் பேசினால் இன்னும் பெரிய விஷயம்.

பிலோயிலா என்ற ஊரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையை மறந்துவிட்டோமா? 2018 மார்ச்சில் விடியற்காலையில் வீட்டுக்குள் வந்து தாய், தகப்பன், இரண்டு பெண் குழந்தைகளைத் தூக்கிப்போனார்கள். 2019 ஆகஸ்ட் கடைசியில் மெல்பேர்ணிலிருந்து விமானம் கிளம்பியே விட்டது, நீதிமன்றத் தடை வந்ததால் டார்வினில் இறக்கப்பட்டார்கள். பிறகு கிறிஸ்மஸ் தீவு. வழக்குகள் காலத்தை வாங்கிக் கொடுத்தன, உண்மைதான், ஆனால் 2022இல் அவர்கள் வீடு திரும்பியதும் நிரந்தர வீசா கிடைத்ததும் ஆட்சி மாறி அமைச்சர் முடிவெடுத்ததால். அந்த முடிவைத் தவிர்க்க முடியாததாக்கியது குயின்ஸ்லாந்தில் 6,000 பேர்கூட இல்லாத, மாடும் நிலக்கரியும் இறைச்சித் தொழிற்சாலையுமாக இருக்கும் ஒரு ஊர். இடதுசாரிகளின் கோட்டை ஒன்றும் இல்லை, பழமைவாதக் கட்சிக்கு வாக்களிக்கும் பகுதி. அங்கே அயலவர்கள் ஊரையே திரட்டினார்கள், மேயரும் சேர்ந்து பேசினார், கடைசியில் அப்போது ஆளும் கூட்டணியில் இருந்த பார்னபி ஜாய்ஸ் மாதிரி ஆளே தன் அரசின் முடிவுக்கு எதிராக வாய் திறக்க வேண்டி வந்தது. ஆகவே 'எங்கள் தொகுதியில் இதெல்லாம் எடுபடாது' என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

சரி, நாம் என்ன செய்கிறோம்? பொங்கல் விழாவுக்குக் கவுன்சிலரையும் எம்பியையும் கூப்பிட்டு, முன்வரிசையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கு ஏற்றவைத்து, படம் எடுத்து முகநூலில் போடுகிறோம். சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அத்தனை நேரம் பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு காரியம் கேட்கச் சங்கத் தலைவர்களுக்குக் கூச்சம், அடுத்த வருட நிதியுதவி போய்விடுமோ என்ற பயமும் உண்டு, வெளியில் சொல்ல மாட்டார்கள்.

கேட்கும்போதும் 'எங்கள் மக்களுக்கு உதவுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் 'நிச்சயமாக' என்று பொதுவாகவே பதில் வரும். இந்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருவீர்களா, இன்ன ஆளுக்காக குடிவரவு அமைச்சருக்குக் கடிதம் எழுதுவீர்களா, அதன் பிரதியை எம்பிக்கும் அனுப்புவீர்களா என்று கேளுங்கள். சம்பந்தப்பட்டவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தையும் கையோடு கொண்டுபோங்கள், அது இல்லாமல் எம்பி அலுவலகம் ஒருவருடைய கோப்பைப் பற்றித் துறையிடம் விசாரிக்காது. விமானச் சீட்டு போட்ட பிறகு ஓடுவதில் பயன் குறைவு, நிராகரிப்புக் கடிதம் வந்த வாரமே போக வேண்டும். அப்புறம், தயவுசெய்து அந்த ஆளின் கதையைப் பெயரோடு முகநூலில் போடாதீர்கள், ஊரில் அவருடைய குடும்பம் இருக்கிறது.

இன்னொன்று, சிலருக்குப் பிடிக்காது. அதே 'ஃபாஸ்ட் ட்ராக்'கில் சிக்கிய ஈரானியரும் ஆப்கானியரும் நம் ஆட்களோடு அதே வரிசையில் நிற்கிறார்கள். தமிழருக்கு மட்டும் என்று கேட்டுப்போனால் கவுன்சிலர் நம்மை ஒரு சிறு வாக்கு வங்கியாகத்தான் பார்ப்பார், எல்லோரும் சேர்ந்து போனால் அவரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். விழாப் படங்களுக்கு ஒதுக்கும் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, தமிழர் அதிகம் வாழும் தொகுதிகளின் கவுன்சிலர்களிடமும் எம்பிக்களிடமும் இந்தக் கேள்விகளை நீங்களே கேட்டு, யார் என்ன சொன்னார், யார் பதிலே தரவில்லை என்று பெயரோடு போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மெல்பேர்ண்