மலைக்கென்று விற்ற வண்டியை மலையில் ஓட்டினால் வாரண்டி கிடையாதா?

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
அஞ்செட்டி, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் புகை வடிகட்டி அடைப்பு, டர்போ பழுது, வாரண்டி மறுக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா,

உங்கள் நிறுவனத்தின், நாலு சக்கரமும் இழுக்கும் டீசல் ஃபோர் வீல் வண்டியை 2024-ல் ஓசூர் ஷோரூமில் வாங்கினேன். இப்போது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய், வண்டி சர்வீஸ் சென்டர் கொட்டகையில் நிற்கிறது. வாரண்டி காலம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் செலவு என்னுடையது என்கிறார்கள். கரடுமுரடான பாதையில் தொடர்ந்து மெதுவாக ஓட்டியதுதான் பழுதுக்குக் காரணம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

கரடுமுரடான பாதைக்கு அல்லாமல் வேறு எதற்காக இந்த வண்டியை வாங்குவார்கள்? உங்கள் விளம்பரத்தில் வண்டி பாறை ஏறுகிறது, ஆற்றில் இறங்குகிறது. எவ்வளவு ஆழத் தண்ணீரில் போகலாம் என்றுகூட அச்சிட்டிருக்கிறீர்கள். எங்கள் நிலம் தொட்டல்லா ஆற்றைத் தாண்டிக் காட்டோரம் இருக்கிறது. ராகியும் தக்காளியும் போடுகிறோம். மழை பெய்தால் அந்தப் பாதையில் டிராக்டரோ ஃபோர் வீல் வண்டியோதான் போகும். இதையெல்லாம் வாங்கும்போதே விற்பனையாளரிடம் சொன்னேன். "உங்களுக்காகவே செய்த வண்டி சார்" என்றார்.

முதலில் எரிந்தது, புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் புகை வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள், தானாக அணைந்துவிடும் என்றார்கள். அஞ்செட்டியில் நெடுஞ்சாலைக்கு எங்கே போவது? இங்கிருந்து தேன்கனிக்கோட்டை வரைக்கும் காட்டு ரோடு, வளைவும் ஏற்றமும்தான். அதன் பிறகு ஓசூர் போனால்தான் நெடுஞ்சாலை. வடிகட்டியைச் சுத்தம் செய்வதற்காகவே டீசல் போட்டு ஓசூர் போய்வர வேண்டுமாம். சரி என்று அதையும் செய்தேன். மறுபடி நிலத்துக்கு நாலு நடை போனால் விளக்கு மறுபடி எரியும்.

அப்புறம்தான் எங்கள் ஊர் மெக்கானிக் ஆயில் குச்சியை இழுத்துக் காட்டினார். ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. ஆயில் குறைந்தால் எல்லாரும் பதறுவோம், கூடினால் யார் சந்தேகப்படுவார்கள்? முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை. அவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கக் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டைக் கொண்டுவர எஞ்சின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சுகிறது. மலைப்பாதையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து போகும்போது சூடு ஏறுவதில்லை. ஏறுவதற்குள் வீடு வந்துவிடும், எஞ்சினை நிறுத்திவிடுவோம். கரி அப்படியே இருக்கும். எரியாத டீசல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே வடிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப் போனால் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் டர்போவின் தண்டுக்கு என்ன காப்பு இருக்கும்?

இந்த விவரம் எதையும் வண்டியை ஒப்படைத்த நாளில் யாரும் சொல்லவில்லை. நறுமணத் திரவம் தெளித்து, ரிப்பன் கட்டி, போட்டோ எடுக்க மட்டும் நேரம் இருந்தது.

வடிகட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 ஏப்ரல் முதல் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்துவிட்டது. அந்தக் கரி எங்கள் பிள்ளைகளின் நுரையீரலுக்குப் போகாமல் வடிகட்டியில் தங்குவது நல்லதுதான். என் சித்தப்பாவிடம் இருக்கும் பழைய எம்எம் 540 ஜீப்பில், பெஜோ டீசல் எஞ்சின், ஏற்றத்தில் பின்னால் வருகிறவன் முகமே கறுத்துவிடும். ஆனால் அது நின்றால் ஒரு ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் கிளப்பிவிடலாம். உங்கள் வண்டி நின்றால் கம்ப்யூட்டர் வர வேண்டும்.

வழி இல்லாமலும் இல்லை. வண்டி நின்ற இடத்திலேயே வடிகட்டியைச் சுத்தம் செய்ய டேஷ்போர்டில் ஒரு பொத்தான் வைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. பெரிய டிராக்டர்களிலும் அது உண்டு. உங்கள் சர்வீஸ் கம்ப்யூட்டராலும் அதைச் செய்ய முடியும். சன்ரூஃப் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, ஊர்ந்து போவதற்கென்றே விற்கும் வண்டியில் இந்தப் பொத்தானை வைக்கத் தோன்றவில்லை.

ஃபோர் வீல் மாற்றும் மோட்டாரும் ஒருமுறை வேலை செய்யவில்லை. ஒயர் கனெக்டரில் சேறு புகுந்து பச்சை பூத்திருந்தது. கனெக்டர் மட்டும் தனியாக வராது என்று முழு செட்டையும் மாற்றினார்கள். அது வாரண்டியில் நடந்தது, அதனால் அதை இத்துடன் விடுகிறேன்.

டர்போ போன மாலை, தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் நடுவில், காட்டுக்குள் வண்டியின் இழுவை குறைந்து நடை வேகத்துக்கு வந்துவிட்டது. யானை கடக்கும் ரோடு அது. வண்டியில் என் அம்மாவும் இருந்தார். பின்னால் வந்த பால் வண்டிக்காரர் அவரை ஏற்றிக்கொண்டு போனார். நீங்கள் இதை "பயன்பாட்டுக் கோளாறு" என்ற கட்டத்தில் டிக் செய்து முடித்துவிட்டீர்கள்.

ஆகவே டர்போவையும் வடிகட்டியையும் வாரண்டியில் மாற்றித் தர வேண்டும். ஆயில் கலப்பால் எஞ்சினுக்குள் தேய்மானம் இருக்கிறதா என்று திறந்து பார்த்து, எழுத்தில் அறிக்கை தர வேண்டும். மெதுவாக ஓட்டினால் வாரண்டி செல்லாது என்று வாரண்டிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் காட்டுங்கள். நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டர்களில், வண்டியை நிறுத்தி வைத்தே வடிகட்டியைச் சுத்தம் செய்து கொடுக்கும்படி உத்தரவிடுங்கள். இந்த மாவட்டங்களின் மலை ஊர்களான பெட்டமுகிலாளத்திலும் வத்தல்மலையிலும் சித்தேரியிலும் ஓட்டுகிறவர்களுக்கும் இதே பாடுதான் வரும்.

கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. பொருளின் குறைக்கும் விளம்பரத்தில் தவறான வாக்குறுதிக்கும் அதில் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் விளம்பரப் படத்தையும் சர்வீஸ் சென்டர் கொடுத்த கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே வாதாடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வண்டி வாங்கிய பில், சர்வீஸ் பில்கள், வாரண்டி மறுப்புக் கடிதம், ஆயில் மட்டத்தைக் காட்டும் படங்கள், விளம்பர ஏட்டின் நகல்.