ஒண்ணுமில்லன்னு சொன்னா வலிக்காம போயிடுமா

பாப்பா,

நேத்து ராத்திரி போன்ல நீ அழுததுக்கு அப்புறம் எனக்கு தூக்கமே வரல. உங்கம்மா தூங்கிட்டா, நான் ஹால்ல உக்காந்து இத டைப் பண்ணிட்டு இருக்கேன், தப்பு இருந்தா கண்டுக்காத, இந்த கீபோர்டு நான் நெனைக்கறதுக்கு முன்னாடியே அதுவா ஒரு வார்த்தைய போட்டுருது. உன் பையன் குட்டிக்கு வயித்து வலின்னு எடுத்த பிளட் டெஸ்ட் நார்மல், யூரின் நார்மல், ஸ்கேனும் நார்மல், டாக்டர் "ஒண்ணுமில்ல, சரியாயிடும்"னு அனுப்பிட்டாரு, ஆனா குட்டி காலைல எந்திரிச்சதும் தொப்புள புடிச்சுகிட்டு சுருண்டு படுக்கிறான், நாலு மாசமா இதே கதை. அதுல மாப்ள வேற "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறானோ"ன்னு கேட்டாருன்னு சொன்ன பாரு, அங்கதான் எனக்கு சுருக்குன்னு ஆச்சு. அவர் மேல கோவம் இல்ல. அதே வார்த்தைய உன்ன பாத்து சொன்னவன் நான்.

உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ, அப்ப நீ மூணாங்கிளாஸ். வாரத்துல ரெண்டு மூணு நாள் காலைல "அப்பா வயிறு"ம்ப, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கும், பத்து மணி ஆனா ஒண்ணுமே நடக்காத மாதிரி பொம்மைய வெச்சு வெளாடிட்டு இருப்ப. நான் என்ன பண்ணேன் தெரியுமா, ஒரு நாள் வேணும்னே லீவு போட சொல்லிட்டு கதவு பின்னாடி நின்னு பாத்தேன். அரை மணி நேரத்துல நீ சிரிச்ச. பிடிச்சேன் பாரு திருடியன்னு உள்ள வந்து கத்துனேன். அடுத்த தடவ வலின்னப்போ கைய புடிச்சு தரதரன்னு இழுத்துட்டு போயி கிளாஸ்ல விட்டேன், நீ கேட் கிட்ட வாந்தி எடுத்த. வாந்தி எடுத்த பொண்ண அப்படியே உள்ள அனுப்பிட்டு ஆபீஸ் போனேன். இதுவரைக்கும் இதுக்கு உன்கிட்ட மன்னிப்பு கேக்கல, இப்ப கேட்டுக்கறேன்.

அந்த வலி வரும், போகும். போயிட்டதால வந்ததே பொய்யுன்னு ஆயிடாது, இது எனக்கு புரிய ரொம்ப நாள் ஆச்சு. நமக்கு தலைவலி விட்டதும் சிரிக்கறதில்லையா, யாராவது வந்து அப்ப இவ்ளோ நேரம் நடிச்சியான்னா கேக்குறாங்க.

அப்புறம்தான் வயசான ஒரு டாக்டர் கிட்ட போனோம். அவர் ஸ்கேன் பேப்பர ஓரமா வெச்சுட்டு உன்கிட்டயே அரை மணி நேரம் பேசினாரு, எங்க ரெண்டு பேரையும் வாய தொறக்க விடல. அவர் சொன்னது இது. கொடல்ல கோடிக்கணக்குல நரம்பு செல் இருக்கு, மூளையோட சதா பேசிக்கிட்டே இருக்கும், சாதாரணமா காத்து நகர்றது, சாப்பாடு நகர்றதெல்லாம் நமக்கு தெரியவே தெரியாது, ஆனா சில பிள்ளைங்களுக்கு அந்த நரம்பு கூச்சமா ஆயிடுது, ஆறிப்போன புண்ணு மேல துணி பட்டாலும் கொஞ்ச நாளைக்கு சுரீர்ங்கும்ல அந்த மாதிரி. அதனால படத்துல ஒண்ணும் தெரியாது, வலி மட்டும் நெசம். வாந்தி பேதி வந்து போன பிறகு சில பேருக்கு இது ஆரம்பிக்கும்னாரு. குட்டிக்கு அந்த மாதிரி ஏதாவது முன்னாடி வந்துதான்னு யோசிச்சு பாரு.

நான் ரிட்டயர் ஆன பிறகு இதப் பத்தி கொஞ்சம் படிச்சேன், உனக்கு எப்பவோ சரியாப் போச்சு, குத்த உணர்ச்சிதான் படிக்க வெச்சுது. ஜான் ஆப்ளேன்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர், இன்னொருத்தரோட சேந்து 1000 ஸ்கூல் பிள்ளைங்கள பாத்து 1958ல எழுதியிருக்காரு, மூணு மாசத்துக்கு கொறையாம, அதுல கொறைஞ்சது மூணு தடவயாவது, வேலைய கெடுக்கற அளவு வயித்து வலி வந்த பிள்ளைங்கன்னு எடுத்தா பத்துல ஒண்ணுக்கு இருந்துது, அந்த மாதிரி வலி வர்ற பிள்ளைங்கள்ல பெரும்பாலான பேருக்கு உள்ள எந்த நோயும் கண்டுபிடிக்க முடியலன்னும் அவர் சொல்லியிருக்காரு. அப்பவே அப்படி. நீ என்னமோ உன் பிள்ளைக்கு மட்டும் புரியாத வியாதின்னு நெனச்சு கூகுள்ல விடிய விடிய தேடாத.

ஆனா கண்ண மூடிக்கவும் சொல்லல. இத நல்லா மனசுல வெச்சுக்கோ. எடை கொறைஞ்சாலோ, வளத்தி நின்னு போனாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ, பேதி நிக்காம போனாலோ, காய்ச்சல் அடிக்கடி வந்தாலோ, வலியே அவன தூக்கத்துலேர்ந்து எழுப்பினாலோ, ஒண்ணுமில்லன்னு சொன்ன அதே டாக்டர் கிட்ட திரும்ப போயி நிக்கணும். அந்த ஆப்ளே சொன்ன ஒரு கணக்கும் இருக்கு, தொப்புள்லேர்ந்து வலி எவ்ளோ தள்ளி இருக்கோ அவ்ளோ உஷாரா இருக்கணும்னு. பச்சையா வாந்தி எடுத்தா, இல்ல வலி வலது பக்கம் கீழ எறங்கி நிமிந்து நடக்க முடியாம போனா, அன்னிக்கு வலிய குறிச்சு வெக்கற டைரி கீரின்னு எதுவும் கெடையாது, நேரா எமர்ஜென்சி. இன்னொண்ணு, ஆம்பளப் பிள்ளை, வெக்கத்துல சொல்ல மாட்டான், விதை வலிய கூட வயிறுன்னுதான் சொல்லுவாங்க, அது திடீர்னு வந்தா மணிக்கணக்கு கூட காத்திருக்கக் கூடாதாம், அதனால வலிக்கும்போது கீழயும் வலிக்குதா, வீங்கியிருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டு பாத்துரு.

மலச்சிக்கல ஒழுங்கா பாத்தாங்களா? "தினமும் போறானே"ன்னு நீ சொல்லுவ, உங்கம்மாவும் அதத்தான் சொன்னா. தினமும் கொஞ்சூண்டு போயிட்டு மிச்சம் உள்ளயே கெட்டியா நிக்கும். சாப்பிட்ட உடனே கொடல் தானா அசையும், அந்த நேரம் பாத்து அஞ்சு பத்து நிமிஷம் டாய்லெட்ல உக்கார வை, காலுக்கு கீழ ஒரு ஸ்டூல் போடு, கால் தொங்குனா முக்க வராது. மருந்து குடுத்திருந்தா ரெண்டு நாள்ல நல்லாயிட்டான்னு நீயா நிப்பாட்டாத, டாக்டர கேட்டு மெதுவா கொறைக்கணும். ஸ்கூல்ல போறானா இல்ல வீட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்கறானான்னும் கேளு. நீ அடக்கிருக்க. உன் ஸ்கூல் டாய்லெட்ல தாழ்ப்பாள் இல்லன்னு காலேஜ் போன பிறகுதான் சொன்ன, சொல்லிட்டு சிரிச்ச, எனக்கு சிரிப்பு வரல. அது மட்டும்தான் காரணமான்னு கேட்டா இல்ல, பாதி அதுவா இருந்திருக்கும், மீதி என்னன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீயும் குட்டிக்கு காரணம்னு ஒண்ணே ஒண்ண தேடித் தேடி அலையாத.

இப்ப நான் பண்ண ரெண்டாவது தப்ப சொல்றேன், மொத தப்ப விட இதான் நீ இப்ப பண்ணிட்டு இருக்க. டாக்டர் வலி நெசம்னு சொன்னாருல்ல, அன்னிலேர்ந்து நான் அப்படியே தலைகீழா மாறிட்டேன், எந்திரிச்சதும் "வயிறு எப்படிம்மா இருக்கு", சாப்பிடறப்போ "வலிக்குதா", படுக்கறப்போ "இன்னிக்கு எத்தன தடவ". ஒரு நாள் நீ நல்லா பட்டம் ஒட்டிட்டு இருக்க, நான் போயி கேக்கறேன். நீ கத்திரிக்கோல கீழ வெச்சுட்டு, கண்ண மூடி, வயித்துல கைய வெச்சு, "இருங்கப்பா, பாத்து சொல்றேன்"ன. அப்புறம் கண்ண தொறந்து "ஆமாப்பா, வலிக்குது"ன்ன. இல்லாத வலிய நான் தேடி எடுக்க சொல்லிக் குடுத்துருக்கேன் பாப்பா.

இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. லின் வாக்கர்னு அமெரிக்கால ஒரு சைக்காலஜிஸ்ட், அவங்க டீம் 2006ல ஒண்ணு போட்டாங்க, பிள்ளைங்கள வயிறு முட்ட தண்ணி குடிக்க வெச்சு, சில அப்பா அம்மாவ வயித்தப் பத்தியே கரிசனமா பேச சொன்னாங்க, சில பேர பேச்ச மாத்த சொன்னாங்க, சில பேருக்கு ஒண்ணும் சொல்லல. அந்த ஒண்ணும் சொல்லாத கூட்டத்தோட ஒப்பிட்டா, கரிசனமா பேசின எடத்துல பிள்ளைங்க வலின்னு சொன்னது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, பேச்ச மாத்தின எடத்துல ஏறக்குறைய பாதி. இதுல வேடிக்கை என்னன்னா பேச்ச மாத்தினது நல்லா இருந்துதுன்னு வலி இருக்கற பிள்ளைங்களே சொல்லுச்சுங்க, பெத்தவங்கதான் அய்யோ பிள்ளைய கண்டுக்காம விட்ட மாதிரி ஆயிடுமேன்னு பயந்தாங்க. நம்ம குடும்ப போட்டோ மாதிரியே இருக்குல்ல.

அதுக்காக மூஞ்ச திருப்பிக்கன்னு சொல்லல. அவன் வலின்னு சொன்னா "தெரியுதுடா, வலிக்கத்தான் செய்யும், கொஞ்ச நேரத்துல எறங்கிடும்"னு ஒரே ஒரு தடவ சொல்லு, வெந்நீர் பை வேணும்னா வை, சூடு மட்டும் பாத்துக்கோ, மூச்ச மெதுவா இழுத்து வயித்த பலூன் மாதிரி ஊத சொல்லு. அப்புறம் வேற பேச்சு. நீயா போயி கேக்காத. டைரி எழுதறேன்னு சொன்னியே, ரெண்டு வாரம் எழுது, என்ன கெழம, எத்தன மணி, என்ன சாப்பிட்டான், டாய்லெட் போனானா, அவ்ளோதான், அவன் கண்ணுல படாம எழுது, அதோட மூடி வெச்சுரு. இன்டர்நெட்ல பாத்துட்டு பால நிறுத்தறேன், கோதுமைய நிறுத்தறேன்னு ஒவ்வொண்ணா நிறுத்தாத, கடைசில பிள்ளைக்கு திங்க ஒண்ணும் இருக்காது, அப்புறம் கோதுமைய நிறுத்திட்டு டெஸ்ட் எடுத்தா சீலியாக்னு கோதுமை ஒத்துக்காம கொடல கெடுக்கற நோய் இருந்தா கூட சரியா தெரியாது.

ஸ்கூலுக்கு அனுப்பு. லேட்டா போனாலும் பரவால்ல, அரை நாள் போனாலும் பரவால்ல, டீச்சர் கிட்ட மொதல்லயே பேசி வெச்சுரு, வலிச்சா பத்து நிமிஷம் தனியா உக்காந்துட்டு திரும்ப கிளாசுக்கு போற மாதிரி, கேக்காமலே டாய்லெட் போற மாதிரி. வீட்ல இருந்தா டிவியும் கெடையாது போனும் கெடையாது, தண்டனையா இல்ல, ஒடம்பு சரியில்லாத நாள் சும்மா படுத்திருக்கற நாள்தானே. நான் உனக்கு பண்ண மாதிரி தரதரன்னு மட்டும் இழுக்காத.

மாப்ள கிட்ட சண்ட போடாத. "எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு, இப்ப அர்த்த ராத்திரி உக்காந்து அழுதுகிட்டே டைப் பண்றாரு"ன்னு சொல்லு, போதும்.

ஞாயித்துக்கெழம கூப்பிடுவேன். உங்கம்மா மொத கேள்வியே வயித்தப் பத்தித்தான் கேப்பா, அவள ஒண்ணும் பண்ண முடியாது, அதனால போன நேரா குட்டி கையில குடுத்துரு. வாலு அறுந்த பல்லி ஒண்ணு வாலத் தேடி லிஃப்ட்ல ஏறுச்சுன்னு போன வாரம் கதைய விட்டிருக்கேன், எந்த மாடில எறங்கணும்னு அவன்தான் சொல்லணும்.

அப்பா