அட்டைப்பெட்டியும் கான்வெக்ஸ் ஹல்லும்

அன்புள்ள செந்தில்,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் பதில் எழுதத் தாமதமானதற்கு ஒரு அட்டைப்பெட்டிதான் காரணம்.

ஸ்கேன் செய்த பெட்டியின் புள்ளிகளுக்கு கான்வெக்ஸ் ஹல் போட்டுக் கன அளவு எடுக்க நினைத்தேன். பலாப்பழத்தைத் துணியில் இறுக்கிக் கட்டினால் துணி முள்நுனிகளை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்குமே, அதுதான் ஹல், ஆனால் முக்கோணங்களால் ஆன துணி. 1996-இல் பார்பர், டாப்கின், ஹுஹ்டன்பா மூவரும் வெளியிட்ட குவிக்ஹல் என்ற ஹல் போடும் வழிமுறை, பைதான் மொழியின் கணித நூலகமான சைபையில் இன்றும் அப்படியே கிடைக்கிறது. இருந்தாலும் நானே எழுதினால்தான் புரியும் என்று உட்கார்ந்தேன். நான்கு புள்ளிகளால் ஒரு நான்முகி, அப்புறம் வெளியே நிற்கும் ஒவ்வொரு புள்ளிக்கும், அங்கிருந்து பார்த்தால் தெரியும் முக்கோணங்களைக் கிழித்தெடுத்துவிட்டு, கிழிசலின் ஓரத்து விளிம்புகளை அந்தப் புள்ளியோடு சேர்த்துத் தைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோளத்தின் மேல் 500 புள்ளிகள் கொடுத்தேன். 996 முக்கோணங்கள் வந்தன, n புள்ளிகளுக்கு 2n-4 முக்கோணங்கள் என்ற கணக்கு அச்சாகப் பொருந்தியது. பெட்டியைக் கொடுத்ததும் ஓட்டை விழுந்தது.

"தெரிகிறதா" என்பது, முக்கோணத்தின் மூன்று முனைகளையும் அந்தப் புள்ளியையும் வைத்துப் போடும் ஓர் அணிக்கோவையின் (determinant) குறி, அதாவது அது கூட்டலா கழித்தலா என்பது. பெட்டியை மூலைவாட்டாக வைத்திருந்தேன், ஒரு பக்கத்தில் எக்ஸையும் ஒய்யையும் கூட்டினால் எந்தப் புள்ளியிலும் 600 மில்லிமீட்டர், அதாவது எல்லாமே ஒரே தளம், விடை பூஜ்யமாக வர வேண்டும். நானோ 1000-ஆல் வகுத்து மீட்டராக்கிவிட்டேன். 137 மில்லிமீட்டர் 0.137 ஆகிவிடும், அது கணினியின் இரும எண்ணில் சரியாக அடங்காது, பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் துளிப் பிழை வரும். அதனால் ஒரே தளத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு முக்கோணங்களில் ஒன்று தெரிகிறது என்றது, மற்றது இல்லை என்றது, கிழிசலின் ஓரம் துண்டுதுண்டாகிவிட்டது.

நீ சொன்ன மாதிரி 0.000001 என்று ஒரு சகிப்பு எல்லை வைத்து, அதற்குள் வந்தால் பூஜ்யம்தான் என்று எடுத்துப் பார்த்தேன்டா. அது தகராறைப் பூஜ்யத்திலிருந்து அந்த எல்லைக்கு நகர்த்துகிறது, தீர்க்கவில்லை. கடைசியில் மில்லிமீட்டரை முழு எண்ணாகவே விட்டேன். ஆயங்களின் (எக்ஸ், ஒய், இசட் அளவுகளின்) வித்தியாசம் ஆயிரத்தைத் தாண்டாததால் அணிக்கோவை அறுநூறு கோடிக்குள் அடங்கிவிடும், துளிப் பிழையும் இல்லை. பூஜ்யம் வந்தால் "தெரியவில்லை" என்று ஒரே முடிவாக வைத்தேன். ஓட்டை போயே போய்விட்டது! அன்று இரவு அந்தப் பெட்டியைத் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உன் நில அளவைப் புள்ளிகள் தசமத்தில்தான் இருக்கும். அதற்கு ஷூசுக் என்ற கணினி அறிஞர் 1997-இல் எழுதிய முறையைப் பார், முதலில் சாதாரணமாகக் கணக்கிட்டு, குறியில் சந்தேகம் வந்தால் மட்டும் கூடுதல் துல்லியத்துக்குப் போகும். இன்னொன்று, உன் ஒவ்வொரு புள்ளியையும் எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் கூட்டிய உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி ஹல் போட்டால், அடிப்பக்கத்து முக்கோணங்களின் நிழல்தான் நீ தினமும் போடும் டெலோனே முக்கோண வலை! இது தெரிந்த நாளிலிருந்து உன் புள்ளிகளை என் நிரலில் ஓட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. ஏதாவது ஒரு கோப்பு அனுப்பு.

அன்புடன்,
குமரன்